அடக்கக் கூடாத பதினான்கு

"ஒரு மிடறு. ஒரே ஒரு மிடறு குடிச்சிட்டுப் போ எண்டுதானே கேக்கிறன்—"

"வேண்டாமெண்டு சொன்னனெல்லே அம்மா, பஸ் வரப்போகுது—"

"வெந்நீரடி பிள்ளை, சீரகம் மட்டும்தான் போட்டனான், டொக்டர் சொன்னவா வெறுவயித்தில—"

"டொக்டரோ பஸ்ஸில வாறா? டொக்டரோ ட்ரைவரிட்ட நிப்பாட்டச் சொல்லப் போறா?"

"ஒரு மிடறில என்ன வந்திடப் போகுது?"

"வரும். உங்களுக்குத் தெரியாது. மாங்குளம் தாண்ட முதல் வரும்."

செம்பை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. காலை நாலே முக்கால். பிரஷாந்தினி தலைமயிரை முடிந்துகொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, தாயைச் சுற்றிக்கொண்டு போனாள். முற்றத்துக் கதிரையிலிருந்து தவராசா கையை நீட்டினார்.

"விடு ஈசு. இஞ்ச கொண்டா, நான் குடிக்கிறன்."

"நீங்கள் ஏற்கெனவே ரெண்டு செம்பு குடிச்சிட்டியள்."

"எனக்கு வேலை செய்யுது. குடிச்சு அஞ்சு நிமிசம், மணி அடிச்ச மாதிரி—"

"அப்பா! விடியக் காலமை உங்கட விசயத்தைச் சொல்லாதேங்கோ!"

பிரஷாந்தினி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் தாய் ஜெகதீஸ்வரிக்கு இன்னும் கோபம் வந்தது. துணுக்காய்ச் சந்தியில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. சாப்பாட்டுப் பெட்டியைத் துவாயில் சுற்றி மகளின் பைக்குள் வைத்துவிட்டு, "மத்தியானம் சூட்டோட சாப்பிடு" என்றாள். மூன்று மணிக்குச் சமைத்த சோறு. பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போகிறாள். எந்தச் சூடு? சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அதற்குள் படலை சாத்திய சத்தம் கேட்டது.

பிரஷாந்தினிக்கு இருபத்தேழு வயது. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மூன்று வருடமாகச் சேட்டுக் கொலர் தைக்கிறாள். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். அவளுடைய லைனில் முப்பத்திநாலு பேர். சுப்பவைசரின் மேசைக் காலில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு கார்ட். கார்ட் தொங்கினால் எடுத்துக்கொண்டு மலசலகூடம் போகலாம். ஆணி வெறுமையாக இருந்தால், போனவள் திரும்பி வரும்வரை இருக்க வேண்டும். முப்பத்திநாலு பேருக்கும் ஒன்றுதான்.

அதற்கு அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. காலையிலும் இல்லை, மத்தியானம் தொண்டை நனையுமளவுக்கு மேல் இல்லை. வீட்டுக்கு வந்துதான் மாடு குடிக்கிற மாதிரிக் குடிப்பது.

நாலு மாதமாகப் பிரஷாந்தினியின் வயிறு கல்லாகக் கிடந்தது. சாப்பிட்டது செமிப்பதில்லை. ஏப்பம், ஊதல், நெஞ்சுக்குள் புளிப்பு. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. உடுப்புத் தோய்க்கும்போது ஜெகதீஸ்வரி கண்டுபிடித்தாள்.

"என்னடி இது ரத்தம்? இது மாதத் தீட்டில்லையே?"

"சும்மா இருங்கோ அம்மா."

"மூலமோ?"

"சும்மா இருங்கோ எண்டு சொன்னன்."

வைத்தியரிடம் போக லீவு வேண்டும். வயிறு என்று சொன்னால் லீவு கிடைக்காது, செத்தவீடு என்றால் கிடைக்கும். தண்ணீரூற்று ஊரில் இல்லாத ஒரு பெரியம்மாவை உண்டாக்கி, திங்கட்கிழமை அவரைச் சாகடித்தார்கள். "பாவம், நல்ல மனிசி. ஒரு நாளும் எங்கட வீட்டில வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சதில்லை" என்று தவராசா துக்கம் காத்தார்.

ஆயுர்வேத மருந்தகத்துச் சிவரூபி டொக்டர் வயதில் பிரஷாந்தினியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

"எத்தினை நாளைக்கு ஒருக்கா வெளிக்குப் போறீர்?"

பிரஷாந்தினி நிலத்தைப் பார்த்தாள். "அஞ்சு நாள் டொக்டர்" என்றாள் தாய்.

"அம்மா, பிள்ளை சொல்லட்டும்."

"அஞ்சு. சிலவேளை ஆறு."

"வரேக்க போறதில்லையோ?"

"வாற நேரம் போக ஏலாது டொக்டர். போக ஏலுற நேரம் வராது."

டொக்டர் நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போனார். சமிபாடு ஒரு நெருப்பு. நேரத்துக்கு விறகு வைத்தால் எரியும். கண்ட நேரத்தில் திணித்தால் புகையும். விடிய வெந்நீர். வராவிட்டாலும் போய்க் குந்தி இருக்க வேண்டும். வெயில் உச்சியில் நிற்கும்போது பெரிய சாப்பாடு, சூட்டோடு, ஆறுதலாக மென்று. பொழுது பட்டதும் கஞ்சி மாதிரி ஏதாவது. முருங்கையிலை, பாசிப்பயறு, இஞ்சி போட்ட மோர். படுக்கைக்குப் போகும்போது திரிபலைச் சூரணம் ஒரு கரண்டி.

"எல்லாத்தையும்விட முக்கியமான விசயம் ஒண்டு. அடக்கக் கூடாது. உடம்பு கேக்கிறதை மறிக்கக் கூடாததெண்டு பதினாலு சொல்லியிருக்கினம். மலம், சலம், காத்துப் பிரியிறது, தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், நித்திரை, கண்ணீர்… இப்பிடிப் பதினாலு. கீழ போற வாயுவை மறிச்சால் அது மேல ஏறும். உமக்கு இப்ப அதுதான் நடக்குது."

"கண்ணீரும் அதுக்குள்ள இருக்கோ டொக்டர்?"

"ஓம்."

"அப்ப அது ஒண்டுக்குத்தான் கார்ட் தேவையில்லை. அதுவும் துணியில விழாமல் பாத்துக்கொள்ளோணும்."

என்ன கார்ட் என்று டொக்டர் கேட்டார். பிரஷாந்தினி சொன்னாள். டொக்டர் மருந்துத் துண்டைத் தள்ளி வைத்துவிட்டு வேறொரு தாளை எடுத்தார்.

"நான் ஒரு கடிதம் தாறன். குடுத்துப் பாரும்."

"சரி டொக்டர்."

"ஆனா ஒண்டு சொல்லுறன். இப்பிடியே இன்னும் ரெண்டு மூண்டு மாதம் போச்சுதெண்டால் என்ர கையில நிக்காது. பெரியாஸ்பத்திரியில வெட்டத்தான் வேணும். வெட்டிப்போட்டுத் திரும்பவும் அதே கதிரையில போய் இருந்தீரெண்டால், திரும்பவும் வரும்."

கடிதம் தொழிற்சாலைக்குள் போனது. வெளியே ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து ஜெகதீஸ்வரி இரண்டரைக்கு எழும்பத் தொடங்கினாள். முருங்கையிலை ஆய்ந்தாள், பயறு அவித்தாள், மோரை ஒரு போத்திலில் ஊற்றிக் கொடுத்தாள். போத்தில் பின்னேரம் நிரம்பியபடியே திரும்பி வந்தது. மிஞ்சியதையெல்லாம் தவராசா சாப்பிட்டார், குடித்தார். மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்ததும் சோற்றுக் கோப்பையோடு வந்து இருந்தார். பொழுது பட்டதும் கஞ்சி. இரண்டு கிழமையில் அவருடைய நெஞ்செரிவு போய்விட்டது, முகம் தெளிந்துவிட்டது.

"ஈசு, இந்த டொக்டர் கெட்டிக்காரி."

"ஓம். ஆருக்கு மருந்து தந்தவா, ஆருக்குச் சுகம் வந்திருக்கெண்டு பாருங்கோ."

"நான் என்ன செய்ய? வீட்டில இருக்கிறன். எனக்கு நேரம் கிடக்கு."

அதைச் சொல்லிவிட்டு அவர் வயல் பக்கம் பார்த்தார். மாரியில் விதைத்த காலபோகத்து நெல் வெள்ளத்தில் போய்விட்டது. வயலில் ஒரு முழத்துக்கு மணல் ஏறிக் கிடந்தது. மணலை வழிக்க இன்னும் மெசின் வரவில்லை.

சூரணத்தைத்தான் பிரஷாந்தினி தொடுவதேயில்லை. முதல் நாள் மட்டும் டொக்டர் சொன்னபடி படுக்கப்போகும்போது ஒரு கரண்டி குடித்தாள். ஒன்பதரைக்குக் குடித்தது. அது விடிய ஆறு மணிக்கு வேலை செய்தது. பஸ் மாங்குளத்துக்கு வந்துகொண்டிருந்தபோது. முன்சீற்றின் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு கிளிநொச்சி மட்டும் போனாள். அதற்குப் பிறகு சூரணமும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.

செம்போடு சண்டை பிடித்த அந்தச் செவ்வாய்க்கிழமை, ஜெகதீஸ்வரி முழுப் பகலும் கணக்குப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். வவுனிக்குளத்தில் துருசுக் கதவு திறந்தால் தண்ணீர் எப்போது வயலுக்கு வந்து சேரும் என்ற கணக்கு. அவர்களுடைய வயல் வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. கோடைச் சிறுபோகத்தில் தங்கள் முறை வரும்போது மேல் வயல்காரர் இரண்டு மணித்தியாலம் திறந்தால் இவர்கள் ஐந்து மணித்தியாலம் திறக்க வேண்டும். கடைசி வயலுக்குக் கொஞ்சத் தண்ணீர் விட்டால் அது வழியிலேயே காய்ந்துவிடும். முப்பது வருடமாக மண்வெட்டியோடு வரம்பில் நின்று பார்த்தது.

"இஞ்சாருங்கோ. ஒன்பதரைக்குக் குடிச்சு ஆறுக்கு வந்ததெண்டால், ஏழரைக்குக் குடுத்தால் எத்தினை மணிக்கு வரும்?"

"எது?"

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

"நாலு."

"நாலெண்டால் வீட்டில நிப்பாள்."

"ஆர்? எங்க வருகுது தண்ணி? இன்னும் குளத்தில தண்ணி திறக்கிற கூட்டமே வைக்கேல்லையே!"

இரவு ஏழரைக்குப் பிரஷாந்தினி வந்து, செருப்பைக் கழற்ற முன்னம் கேட்டது கோப்பி. ஜெகதீஸ்வரி குசினிக்குள் போய்ச் சூரணப் பேணியைத் திறந்தாள். ஒரு கரண்டி போட்டாள். கடைசி வயல். இன்னொன்று போட்டாள். ஆறு நாளாகப் போகவில்லை என்று நினைவு வந்தது. மூன்றாவதையும் போட்டாள். பனங்கட்டியை நிறையக் கரைத்தாள்.

பிரஷாந்தினி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது."

"பனங்கட்டி பழசு பிள்ளை. அடிக்கட்டி."

மகள் தாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோப்பையை உயர்த்தி அண்ணாந்து முழுவதையும் குடித்தாள்.

விடிய நாலு மணிக்கு ஜெகதீஸ்வரி பின்கதவைத் திறந்து வைத்து, லைற்றைப் போட்டு வைத்து, வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துக் காத்திருந்தாள். பிரஷாந்தினி எழும்பினாள், முகம் கழுவினாள், தலை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"வயிறு எப்பிடிப் பிள்ளை?"

"அப்பிடித்தான்."

"ஒருக்காப் போய் இருந்து பாரன்."

"இருந்தனான். வரேல்லை. விடுங்கோ அம்மா."

வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் சுணங்கும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு வருடம் தண்ணீர் வரவில்லை என்று மேலும் மேலும் திறந்துவிட்டு, விடிந்து பார்த்தபோது வரம்பு உடைத்துக்கொண்டு போன கதையும் அவள் வீட்டில்தான் நடந்தது. ஆனால் அது அவளுக்கு நினைவு வந்தது பஸ் போன பிறகுதான். நினைவு வந்ததும் படலைவரை ஓடினாள். றோட்டில் தூசிதான் நின்றது. போன் எடுத்தாள். பஸ் இரைச்சலில் மகளுக்குக் கேட்கவில்லை. தொழிற்சாலை வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஏழு மணியிலிருந்து அது அடித்து அடித்து நின்றது.

பகல் ஒரு மணிக்கு ஒரு ஓட்டோ வந்தது. பிரஷாந்தினி யாரோ ஒருத்தியின் பாவாடையோடு இறங்கி, நேரே கிணற்றடிக்குப் போனாள். கூட வந்தவள் றஞ்சனி, மல்லாவிப் பிள்ளை, அடுத்த மெசினில் தைப்பவள். அவள் குசினி வாசலில் நின்றாள்.

"அன்ரி, அவளை ஒண்டும் கேக்காதேங்கோ."

"என்ன பிள்ளை நடந்தது?"

"பத்தரை இருக்கும். 'றஞ்சி, எனக்கு ஏலாமல் கிடக்கு' எண்டாள். நான் ஆணியைப் பாத்தன், கார்ட் இல்லை. பிரேமிளா கொண்டு போனவள். 'எழும்பிப் போடி, பேந்து பாப்பம்' எண்டனான். 'போன மாசம் ஒருத்தி கார்ட் இல்லாமல் போய் அவளை மேல ஒபிசுக்குக் கூப்பிட்டவை, தெரியுந்தானே' எண்டு சொல்லி, கொலரைத் தைச்சுக்கொண்டே இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பிரேமிளா வாற சத்தம் கேட்டதும் எழும்பினவள். எழும்பினதுதான் பிழை."

ஜெகதீஸ்வரி கிணற்றடிப் பக்கம் திரும்பினாள்.

"நாங்கள் ஆறேழு பேர் எழும்பிச் சுத்தி நிண்டனாங்கள் அன்ரி. லைன் நிண்டிட்டுது. ஒருத்தரும் பாக்கேல்லை. பாத்தவையும் பாக்கேல்லை. அப்பிடிச் சொல்லுங்கோ அவளுக்கு."

"இரு பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம் அன்ரி. நான் திரும்பி லைனுக்குப் போகோணும். போகேக்க குடிக்க ஏலாது."

கிணற்றடியில் வாளி விழும் சத்தம் நிற்கவேயில்லை. பிரஷாந்தினி உடுத்த உடுப்போடு நின்று தலையில் வார்த்துக்கொண்டிருந்தாள். ஜெகதீஸ்வரி துவாயோடு போய் நின்றாள்.

"பிள்ளை."

வாளி இறங்கியது.

"பிரஷா, நான்தான். நேற்றுக் கோப்பியில—"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூண்டு வருசம் பனங்கட்டிக் கோப்பி குடிக்கிறன் அம்மா, எனக்குத் தெரியாதோ? அண்டைக்கு ஒரு கரண்டி குடிச்ச வாய்தானே."

"அப்ப ஏன் குடிச்சனி?"

வாளி ஏறி வந்தது. அவள் அதை வார்க்காமல் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"ஒரு நாளாவது போகட்டும் எண்டு நினைச்சன். நானாக் குடிக்கப் பயமா இருந்தது. நீங்கள் தந்தால், உங்களில பழி போட்டிட்டுக் குடிக்கலாம் எண்டு நினைச்சன்." மூக்கை உறிஞ்சினாள். "உங்களில பழி போடவும் ஏலாமல் கிடக்கு. நீங்கள் குடுக்காட்டியும் ஒரு நாள் இது நடந்திருக்கும்."

"வேலையை விடு பிள்ளை" என்றது பின்னால் ஒரு குரல். தவராசா வேலியோரம் மறுபக்கம் பார்த்தபடி நின்றார்.

"விட்டிட்டு?"

அவர் சாய்ந்திருந்த வேலிக் கம்பொன்றை நிமிர்த்தி வைத்தார்.

"சொல்லுங்கோ அப்பா. விட்டிட்டு?"

"மணலை வழிச்சால் சிறுபோகம் செய்யலாம்…"

"வழிக்க ஆர் வாறான்?"

அவர் வேலியில் படர்ந்திருந்த பாவற்கொடியைத் திருப்பித் திருப்பி விட்டார். பிறகு வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

தலை துவட்டிக்கொண்டே பிரஷாந்தினி சொன்னாள்: "இனி எனக்கு விடியச் சமைக்காதேங்கோ அம்மா. ரெண்டரைக்கு எழும்பாதேங்கோ. காலமையும் வேண்டாம், மத்தியானமும் வேண்டாம். வந்து இரவில ஒரு நேரம் சாப்பிடுறன். உள்ள ஒண்டும் போகாட்டில் வெளியில ஒண்டும் வராது."

"அது கூடாதெண்டெல்லே டொக்டர் சொன்னவா! பசியையும் அடக்கக் கூடாதாம், அதுவும் அந்தப் பதினாலுக்குள்ள—"

"அந்தப் பதினாலையும் அடக்கத்தான் அம்மா எனக்கு அங்க சம்பளம்."

அறைக்குள் போய்ப் படுத்தாள். ஜெகதீஸ்வரி குசினிக்கு வந்து சூரணப் பேணியை எடுத்தாள். எறிய மனமில்லை, வைக்கவும் மனமில்லை. டொக்டரில் ஏதாவது பிழை இருந்தால் கோபிக்கலாம். மருந்தில் பிழை இருந்தால் மாற்றலாம். டொக்டர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதற்குச் சாட்சி, மணி அடித்த மாதிரிப் போய்வருகிற தவராசா, முற்றத்தில் நடந்து திரிகிறார்.

பின்னேரம் ஆறு மணியளவில் மகளின் போன் மேசையில் கிடந்து அடித்தது. 'தாட்சாயினி மிஸ்' என்று காட்டியது. அந்த லைனின் சுப்பவைசர். மகள் நித்திரை. ஜெகதீஸ்வரி போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"ஹலோ, பிரஷாந்தினி? நாளைக்கு வருவீரோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"நான் தாய் கதைக்கிறன் மிஸ்."

"ஆ… அம்மாவோ. பிள்ளைக்கு எப்பிடி?"

"படுத்திருக்கிறா. மிஸ், நான் ஒண்டு சொல்லோணும். பிழை பிள்ளையில இல்லை. நான்தான் மருந்தைக் கூடப் போட்டுக் குடுத்தனான். ஏதும் எழுதிறதெண்டால் அதை எழுதுங்கோ. அவவுக்கு நோய் வருத்தம் எண்டு எழுதிப் போடாதேங்கோ."

"நான் ஒண்டும் எழுதேல்லை அம்மா. காய்ச்சல் எண்டு சொல்லித்தான் அனுப்பினனான்."

குரல் சின்னக் குரலாக இருந்தது. ஜெகதீஸ்வரி மனதில் வைத்திருந்த சுப்பவைசருக்கு வேறு குரல். பின்னால் வாகனச் சத்தம் கேட்டது; அவளும் எங்கேயோ பஸ்ஸுக்கு நிற்கிறாள் போல.

"அப்ப மிஸ், இன்னும் ஒரு கார்ட் போட்டுக் குடுத்தால் என்ன? பிரஷாவுக்கெண்டு கேக்கேல்லை. எல்லாப் பிள்ளையளுக்கும்தான்."

"கேட்டனான் அம்மா. போன வருசமும் கேட்டனான், இண்டைக்கும் கேட்டனான். லைன் நிண்டது ஏன் எண்டுதான் என்னட்டக் கேக்கினம்."

"ஆணி உங்கட மேசையிலதானே பிள்ளை இருக்கு."

"ஆணி என்ர மேசையிலதான். கார்ட் ஒண்டுதான். எனக்கும் அதுதான் அம்மா."

"உங்களுக்குமோ?"

"ஓம். நான் எடுத்தால் அந்த நேரம் பிள்ளையளுக்கு இல்லை. அதால நான் எடுக்கிறேல்லை."

ஜெகதீஸ்வரி கிணற்றுக் கட்டில் இருந்தாள். போனுக்குள் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப நீங்கள் எப்ப பிள்ளை போறனீங்கள்?"